வட்டத்துக்குள் பொட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று நான்கு முன்கண்ணாடிகளை உடைத்தேன். அதில் இரண்டுதான் உடைக்க வேண்டியவை.

காலையிலேயே அண்ணன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போய்விட்டான். கடைவாய்ப் பல். மூன்று நாளாக வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை அவள். வண்டி உடைக்கும் எங்கள் யார்டில் நானும் இரும்பு வெட்டும் கட்டர்காரரும் மட்டும். ஒன்பது மணிக்கு என் பழைய மாமியார் போன் செய்தார். ஊர் சொல்லித் தெரிவதற்குள் தானே சொல்லிவிட நினைத்தாராம். அவர் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஆகிவிட்டது. பதினோரு வருஷம் எனக்குப் புருஷனாக இருந்த ஆள்.

"உன் பீரோவைத்தாம்மா அவளுக்குக் கொடுத்திருக்கு. உன் துணி ரெண்டு அடியில இருக்கு, அனுப்பி வைக்கவா?"

நல்ல மனுஷி. அதனால்தான் அவரைத் திட்ட முடியவில்லை. போனை வைத்துவிட்டு சுத்தியலை எடுத்தேன். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டால் எனக்கு மனசு கொஞ்சம் இறங்கும். இன்று இறங்கவில்லை. உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். "வண்டி உடைக்கிற யார்டுதான், அதுக்காக விக்கிறதையுமா உடைப்ப?" என்றார் கட்டர்காரர். வாயை மூடிக்கொண்டு இரும்பை வெட்டுங்கள் என்றேன்.

பிறகு சீட் பெல்ட். பன்னிரண்டு. 210 முதல் 221 வரை. எங்கள் யார்டில் எதையும் இரண்டு பேர் பார்க்க வேண்டுமாம், அப்பா வைத்த சட்டம். நான் கழற்றி, வெடுக்கென்று இழுத்தால் இறுகிப் பிடிக்கிறதா என்று பார்த்து, பெல்ட் சுற்றியிருக்கும் டப்பாவில் நம்பரை எழுதி மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் போட வேண்டும். அண்ணன் திரும்ப இழுத்துப் பார்த்து வட்டத்துக்குள் பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இல்லாத சாமான் கேட்டைத் தாண்டாது. அண்ணன் பல் டாக்டர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் பொட்டு வைப்பது யார்? எங்களிடம் சாமான் வாங்கும் மெக்கானிக் வேறு வந்து தலையில் ஏறி நின்றார், மூன்று பெல்ட் இப்போதே வேண்டும் என்று. கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டுக்கும் வட்டத்தைப் போட்டு, பொட்டையும் நானே வைத்துவிட்டேன். 212, 213, 214 மூன்றையும் அவர் தூக்கிக்கொண்டு போனார்.

பீரோவில் உள்பக்கம் ஒரு கொக்கி இருக்கும். அதில் என் கைப்பை தொங்கும். இப்போது அவளுடையது தொங்கும். அவ்வளவுதானே? எதற்கும் மாற்று உண்டு. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதற்கு அழுதால் சிரிப்பார்கள்.

மார்ச் 5

அண்ணன் ரேக்கில் இருந்த ஒன்பது பெல்ட்டையும் இறக்கி வைத்து ஒவ்வொன்றாக வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தான். என் வேலையில் அவ்வளவு நம்பிக்கையா என்று கேட்டேன். "கை சும்மா இருக்க மாட்டேங்குது பாப்பா" என்றான். இரண்டை எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் வீசினான். முப்பத்தாறு வயசில் என்னைப் பாப்பா என்று கூப்பிடும் ஒரே ஆள்.

ஏப்ரல் 19, சனி

எனக்குப் புருஷனாக இருந்த அந்த ஆள் இன்று யார்டுக்கே வந்துவிட்டார். முன் பம்பர் வேண்டுமாம். ஊரில் வேறு யார்டே இல்லையா? முன் சீட்டில் அவள். என்னைவிடக் குள்ளம். பாவம்போல உட்கார்ந்திருந்தாள்.

"பழசையெல்லாம் மறந்துடுவோம்" என்றார்.

மறந்துவிட்டேன். மறந்த கையோடு அவர் வண்டியின் வலது ஹெட்லைட்டில் ஒன்று, இடது ஹெட்லைட்டில் ஒன்று போட்டேன். மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது அண்ணன் பின்னாலிருந்து இடுப்போடு என்னைத் தூக்கிக்கொண்டு போய் டயர் குவியலின் மேல் உட்கார வைத்தான். இரண்டு ஹெட்லைட்டையும் அவனே மாற்றிக் கொடுத்து அனுப்பினான். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கீழே கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கி எனக்குக் காட்டாமல் தரையில் போட்டான். சின்ன வயசு விளையாட்டு. சத்தத்தை வைத்து எந்த வண்டியின் போல்ட் என்று சொல்ல வேண்டும். நான் பத்துக்கு மூன்று சொன்னேன். அவன் பத்துக்குப் பத்து. சத்தம்கூட வேண்டாம் அவனுக்கு. யார்டின் அந்தக் கோடியில் கிடக்கும் இரும்புத் துண்டை இந்தக் கோடியிலிருந்து பார்த்து, எந்த வண்டி, எந்த வருஷம், எந்தப் பக்கத்தில் அடிபட்டது என்று சொல்வான்.

ஜூலை 8

பீரோ அடியில் இருந்த துணி இரண்டும் பார்சலில் வந்தன. வண்டி துடைக்கப் போட்டேன்.

நவம்பர் 5, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் இந்த வீட்டில் மிச்சம் இருப்பதையும் உடைத்துவிடுவேன்.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைக் கார் கிரேனில் வந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் நொறுங்கும் வண்டியெல்லாம் எங்களிடம்தான் வரும். நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் போய் இடித்திருக்கிறது. ஓட்டியது இருபது வயசுப் பெண். செத்துப்போய்விட்டாள். அண்ணன் அந்த வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தான். வளைந்த மூக்கைத் தடவிப் பார்த்தான். "இது நாற்பதுக்கு மேல போகல. இதுல யாரும் செத்திருக்கக் கூடாது பாப்பா" என்றான். நானும் பார்த்தேன். கதவு சரியாகத் திறந்தது. சீட் நகரவில்லை. ஸ்டீயரிங் மட்டும் நெஞ்சு இடித்து வளைந்திருந்தது.

இன்று காலை அவள் அப்பா வந்தார். தையல்காரர். கழுத்தில் டேப் தொங்கியது, எடுத்து வைக்க மறந்து வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஒரு செருப்புதான் கொடுத்தார்களாம், இன்னொன்று வண்டியில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பிரேக்குக்கு அடியில் சிக்கியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டும் அவர் போகவில்லை. பெல்ட்டை இழுத்து விரித்து, இரண்டு விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பெல்ட் போட்டுத்தான் இருந்தாளாம். தையல் எங்கேயும் பிரியலையே. அப்புறம் எப்படி விட்டுச்சு?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும். மோதலில் ஒருமுறை இறுகிய பெல்ட் மறுமுறை இறுகாது. அதை எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டினால், மெதுவாக இழுத்தால் வரும், விட்டால் போகும், பார்ப்பதற்குப் புதுசு மாதிரியே இருக்கும். இடிக்கும் நேரத்தில் மட்டும் ஆளைப் பிடிக்காது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, பெல்ட் உள்ளே போகும் கதவோரத் தூணின் மூடியைக் கழற்றினேன். வேறு ஏதாவது யார்டு நாய்கள் விற்ற பெல்ட்டாக இருக்கும், அந்தப் பெயரை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

உள்ளே டப்பாவில் மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் பொட்டு. 214.

"இது என்ன?" என்றார்.

என் வாய் தானாகப் பேசியது. "இது எங்க யார்டு போட்ட குறி. சரியா பார்க்காம இதுல பொட்டு வச்சது யாருன்னு எனக்குத் தெரியும். அந்தக் கையை உடைச்சுட்டுத்தான் உங்க முன்னாடி வந்து நிப்பேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். செருப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார்.

பொட்டு அண்ணனுடையது. பொட்டு என்றாலே அண்ணன். பதினைந்து வருஷமாக அப்படித்தான். டப்பாவைக் கழற்றி ஒரு கையிலும், வீல் ஸ்பேனரை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பேனரை எதற்கு எடுத்தேன்? கையில் இருந்தது, அவ்வளவுதான். இல்லை, பொய். எடுத்துக்கொண்டுதான் போனேன்.

"இதை நீ பார்த்தியா?" என்றேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தான். நம்பரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஆமா. நான்தான் பார்த்தேன்."

"இழுத்துப் பார்த்தியா?"

"இல்லை."

"ஒரு பொண்ணு செத்துப் போயிருக்காடா."

"தெரியுது."

அவ்வளவு நிதானமாகச் சொன்னான். அந்த நிதானம்தான். "தெரியாம நடந்துடுச்சு பாப்பா" என்று ஒரு வார்த்தை அழுதிருந்தால்கூட ஓங்கிய கை இறங்கியிருக்கும். ஸ்பேனர் அவன் இடது கன்னத்துக்கு மேலே இறங்கியது. நான் கையில்தான் அடிக்கப்போனேன். கைக்குத்தான் குறி வைத்தேன். அவன் ஏன் குனிந்தான்?

கட்டர்காரர் வந்து என்னைக் கீழே தள்ளி முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அந்த வெள்ளைக் காரின் மேலேயே சாய்ந்து நின்றான். விரலிடுக்கில் வந்தது ரத்தம் மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் சொன்ன முதல் வார்த்தை: "கிரேன் கொக்கி பட்டுடுச்சு டாக்டர்."

நவம்பர் 7

இடது கண். பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார்கள். அண்ணி என்னை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள், இப்போது படுக்கை யார்டில். கட்டர்காரர் சொல்லியிருக்கிறார். "உன் புருஷன் உன்னை ஏன் அனுப்பினான்னு இப்பதான் புரியுது" என்றாள். அடித்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும். ஆனால் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை.

இருந்தாலும், பார்க்காமல் பொட்டு வைத்தது அவன்தானே? ஒரு உயிர் போனதா இல்லையா? யாராவது கேட்க வேண்டாமா? கேட்டேன்.

நவம்பர் 12

எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 22, சனி

யார்டில் தனியாக இருந்தேன். அந்த வெள்ளைக் காரைப் போலீஸ் சொல்லும்வரை நசுக்கக் கூடாது. கண்ணெதிரேயே நின்றுகொண்டிருக்கிறது. 214-ஐ எந்த வண்டியிலிருந்து கழற்றினோம் என்று பார்க்கத் தோன்றியது. யார்டு ரிஜிஸ்டரில் எழுதுவது அண்ணன். அவன் எழுத்தில் 209-க்கு அப்புறம் 222. நடுவில் ஒரு நாள் இல்லை. அவன் யார்டில் இல்லாத நாள்.

இந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

மார்ச் 4. என் கையெழுத்து. பல் டாக்டர். நான்கு கண்ணாடி. "பொட்டையும் நானே வைத்துவிட்டேன்."

நானேதான் எழுதியிருக்கிறேன். அந்த வரியில் ஒரு கூச்சம்கூட இல்லை. பீரோவின் கொக்கியைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறேன், பொட்டைப் பற்றி ஒரே வரி. எழுதிவிட்டு மறந்தும்விட்டேன். எட்டு மாசம் அந்தப் பெண் நான் கட்டிவிட்ட நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறாள்.

சுத்தியலை எடுத்தேன். எதை உடைப்பது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டேன். இது எனக்கு நடந்ததே இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணி கடைக்குப் போகும்வரை தெருமுனையில் நின்றிருந்து உள்ளே போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். பாதி முகத்துக்குக் கட்டு. நோட்டைத் திறந்து அவன் மடியில் வைத்தேன். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும்டி."

"எப்ப?"

"அன்னைக்குச் சாயந்திரமே. ஒன்பது டப்பாவுல நான் வைக்காத பொட்டு இருந்தா எனக்குத் தெரியாதா? மறுநாள் இழுத்துப் பார்த்தேன். ரெண்டு செத்த பெல்ட்."

"அப்ப ஏன் என்னைக் கேட்கல?"

"நீ அன்னைக்கு இருந்த இருப்புல கேட்கச் சொல்றியா? கையைக் கிழிச்சுக்கிட்டு நிக்கிற. வாயைத் திறந்தா ஒடைஞ்சுடுவேன்னு நிக்கிற."

"சரி, வெளியே போன மூணு?"

நல்ல கண்ணால் சுவரைப் பார்த்தான். "ஒரு போன் பண்ணியிருக்கலாம். மெக்கானிக் ஊர் பூரா சொல்லுவான், யார்டு பேரு போயிடும்னு நினைச்சேன். ஒன்பதுல ரெண்டுதானே கெட்டது, போன மூணும் நல்லதா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதனாலதான் நான்னு சொன்னேன். உனக்காகப் பொய் சொல்லல. பாதி நான்தான்."

"பாதிக்கு யாராவது முழுக் கண்ணு கொடுப்பாங்களா?"

அதற்கு அவன் சிரித்தான். சிரித்ததில் தையல் இழுத்து வலித்து முனகினான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். தலையில் கை வைப்பான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "மிச்சம் ரெண்டு ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கு. இங்க உட்கார்ந்து என்ன பண்ற?" என்றான்.

நவம்பர் 24, திங்கள்

மெக்கானிக் முதலில் தெரியாது என்றார். ஷெட்டில் எண்ணெய் டின்னை எட்டி உதைத்ததும் கொஞ்சம் நினைவு வந்தது. அவர் சட்டைக் காலரைப் பிடித்து வண்டித் தூக்கியோடு சேர்த்து அழுத்தியதும் மிச்சமும் வந்தது. 213 அவர் ஷெட் மூலையிலேயே கிடந்தது, மாட்டவே இல்லை. இழுத்துப் பார்த்தேன். நல்ல பெல்ட். ஆனாலும் அங்கேயே நாலு துண்டாக வெட்டினேன்.

212 ஒரு டாக்சியில், ஓட்டுநர் பக்கத்து சீட்டில். டாக்சி நிலையத்தில் போய்க் கண்டுபிடித்தேன். பத்தடி நடந்து, கதவைத் திறந்து, தூண் மூடியைப் பிடுங்கி மஞ்சள் வட்டத்தைப் பார்த்துவிட்டு, கத்தியால் பெல்ட்டை அறுக்கத் தொடங்கினேன். முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் புத்தி இருந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? டிரைவர் டீ கிளாஸை எறிந்துவிட்டு ஓடி வந்து என் முடியைப் பிடித்து வெளியே இழுத்தார். அறை விழுந்தது. நானும் விட்டேன் ஒன்று. அப்புறம் நாலு டிரைவர்கள். கத்தியைப் பிடுங்கி எறிந்து என்னை பானெட்டில் குப்புற அழுத்தினார்கள். உதடு கிழிந்தது. பாதி அறுந்த பெல்ட்டை விடாமல் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். "இழுத்துப் பாருங்க, ஒரு தடவை வெடுக்குனு இழுத்துப் பாருங்க, அப்புறம் கொல்லுங்க" என்று கத்தினேன்.

வயசான டிரைவர் ஒருவர் இழுத்துப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் இன்னொரு முறை இழுத்தார். இன்னொரு முறை. பிறகு என் முதுகில் இருந்த கைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

"என் பொண்டாட்டி இந்தப் பக்கம்தான் உட்காருவா" என்றார் வண்டிக்காரர். அவர்தான் முதலில் அறைந்தவர்.

புதிய பெல்ட், கடையில் பிரிக்காத டப்பாவோடு வாங்கிப் போயிருந்தேன். நானே மாட்டிக் கொடுத்தேன். கடைசி ஸ்க்ரூவை அவர்தான் முடுக்கினார்.

நவம்பர் 29

தையல்காரரிடம் போகவில்லை.

டிசம்பர் 6

இன்றும் போகவில்லை. தெருவரை போனேன். மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

அண்ணனுக்கு இடதுபக்கம் யாராவது வேண்டும் என்பதால் அண்ணி என்னைக் கூட வர அனுமதித்தாள். செயற்கைக் கண் வைக்கும் இடத்தில் ஒரு இழுப்பறையைத் திறந்து காட்டினார்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கண்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பர். கருப்பு, பழுப்பு, அதில் இன்னும் கொஞ்சம் வெளிர். எங்கள் ரேக் மாதிரியே.

"உங்க வலது கண்ணோட சேர்ந்து போற மாதிரி பார்க்கலாம். வச்சுட்டா யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார் இழுப்பறையைத் திறந்த அம்மாள்.

"எனக்குத் தெரியுமா?" என்றான் அண்ணன். அந்த அம்மாளுக்கு அது நகைச்சுவை என்று புரிய நேரமாயிற்று.

நாலைந்தை எடுத்து அவன் முகத்தருகே வைத்துப் பார்த்தார்கள். 31 சரியாக இருந்தது. கண்ணாடியில் அவன் பார்த்துக்கொண்டான். எனக்குத் தெரிந்த முகம்தான். வீட்டுக்கு வரும் வழியில் யார்டுக்குள் போக வேண்டும் என்றான். போனோம். அந்தக் கோடியில் கிடந்த ஒரு துண்டைக் காட்டி, அது எந்த வண்டி என்று நான் கேட்டேன். எதற்குக் கேட்டேன்? அவன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான்.

"எவ்வளவு தூரத்துல இருக்குன்னே தெரியல பாப்பா" என்றான்.

எதற்கும் மாற்று உண்டு என்று மார்ச்சில் எழுதியிருக்கிறேன். எழுதியவளை இழுத்து வைத்து நாலு அறை விட வேண்டும்.

ஜனவரி 7, புதன்

இன்ஸ்பெக்டர் வந்தார். பெல்ட்டைப் பரிசோதித்த ரிப்போர்ட் வந்துவிட்டது. மஞ்சள் குறியைப் பற்றி தையல்காரர் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார். வட்டம் யார், பொட்டு யார் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "பொட்டு என்னுது. இந்த யார்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றான். கட்டர்காரர் ஆமாம் என்றார். மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணன் யார்டு கேட்டைச் சாத்தினான்.

"நோட்டுல அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு."

"எதுக்கு?"

"ஒத்தக் கண்ணனை ரொம்ப நாள் உள்ள வைக்க மாட்டாங்க. பாவம் பார்ப்பாங்க. உன்னைப் பார்த்தா எவனுக்கும் பாவம் தோணாது." சிரிக்க வைக்கப் பார்த்தான். "உள்ள போனா நீ யாரையாவது அடிப்ப. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். நீ திரும்பியே வர மாட்ட பாப்பா. அந்த நோட்டைத் தவிர வேற சாட்சி கிடையாது. கிழிச்சிடு."

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி யார்டு அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கிழி என்றும் சொல்லவில்லை, கிழிக்காதே என்றும் சொல்லவில்லை. புருஷனை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை டமால் என்று போட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பாத்திரத்தை என் தலையில் போட்டிருப்பேன்.

சாயந்திரம் அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு விரல் அளவு கிழிந்தது. அதோடு விட்டேன். கிழிசல் இருக்கிறது. நாளைக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

ஜனவரி 9, வெள்ளி

போனேன்.

சின்னக் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவரில் ஆணி. ஆணியில் இரண்டு செருப்பும் ஜோடியாகத் தொங்கின. இன்னொரு மகள், பதினாலு வயசிருக்கும், பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் அந்தப் பெண்ணை உள்ளே போகச் சொன்னார்.

நோட்டை மார்ச் 4-இல் திறந்து மேசையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியில் கோடு பார்ப்பதுபோல விரல் வைத்து மெதுவாகப் படித்தார். கடைசி வரி வரை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"பீரோவுக்காகவா?" என்றார்.

அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"ஒரு பீரோவுக்காகவா?"

இஸ்திரிப்பெட்டி என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. சூடு கன்னத்தில் தெரிந்தது. சுவர்ப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நான் நகரவில்லை. அடுத்தது மரக்கட்டை ஸ்கேல், தோளில் விழுந்தது. மறுபடியும் அதாலேயே, கழுத்தில். மூன்றாவது அடியில் ஸ்கேல் உடைந்துபோயிற்று. கத்தரிக்கோல் மேசை மேல்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே கதவுக்குப் பின்னால் அந்தச் சின்னப் பெண் "அப்பா" என்றாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் அவளைக் காட்டித்தான் ஆறுதல் சொல்றாங்க. இன்னொண்ணு இருக்குல்ல, மனசைத் தேத்திக்கோங்கன்னு. அவ காதுபடவே சொல்றாங்க. அன்னையிலிருந்து இவ அக்கா மாதிரியே சடை போட்டுக்கிறா. அக்கா மாதிரியே டீ போடப் பார்க்கிறா. நேத்து வேண்டாம்மான்னு சொன்னேன். என்னை மட்டும் வச்சுக்கிட்டு என்னப்பா பண்ணுவீங்கன்னு அழுவுறா. இதுக்கு நான் என்ன சொல்ல? நீ சொல்லு. உனக்குத்தான் எல்லாத்துக்கும் மாத்து தெரியுமே, எழுதி வச்சிருக்கியே."

கழுத்திலிருந்து ரத்தம் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கையை வெட்டு மேசையின் மேல் விரித்து வைத்தேன். "அந்தக் கையை உடைச்சுட்டுத்தான் வருவேன்னு சொன்னேன். உடைக்காம வந்துட்டேன். இதுதான் அந்தக் கை" என்றேன்.

அவர் அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தார். மிஷின் பக்கத்தில் யாருடைய சட்டையோ பாதி தைத்துக் கிடந்தது. வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"கையை எடு" என்றார் தையல்காரர். "துணி வெட்டணும்."

எடுத்தேன்.

"அந்த நோட்டை யார்கிட்ட கொடுக்கப்போற?"

"இன்ஸ்பெக்டர்கிட்ட. திங்கட்கிழமை."

"அந்தத் தாள் ஓரம் கிழிஞ்சிருக்கே."

"கிழிக்கப் பார்த்தேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பெட்டியில் தேடி, காகிதம் ஒட்டும் டேப்பை எடுத்து, அந்தக் கிழிசலின் மேல் ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார். நான் வெளியே வரும்போது மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

இன்னும் கால்மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். இந்த நோட்டைப் போலீஸ் திருப்பித் தர வருஷங்கள் ஆகலாமாம். இதில் பாதித் தாள் வெள்ளையாகவே இருக்கிறது.

அண்ணி காலையில் பேசினாள். இரண்டு மாசத்தில் முதல் தடவை. கழுத்துக் காயத்துக்குப் பஞ்சு வைத்துக்கொண்டே, "போற இடத்துல யார் மேலயும் கை வைக்காத" என்றாள். சரி என்றேன். "எனக்காக இல்ல. அங்க உன்னைத் தூக்கிட்டுப் போய் டயர் மேல உட்கார வைக்க ஆள் கிடையாது" என்றாள்.

அண்ணன்தான் வண்டி ஓட்டுவேன் என்கிறான். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியாயிற்று. சண்டை போட்டுக்கூடப் பார்த்தேன், வாயால் மட்டும். கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான், இங்கிருந்தே தெரிகிறது. பெல்ட்டை வெடுக்கென்று மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டான். பக்கத்து சீட்டு பெல்ட்டையும் அப்படியே மூன்று முறை இழுத்துப் பார்த்தான்.

இடது பக்கத்திலிருந்து வரும் எதுவும் அவனுக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து, சைக்கிள் வருது, லாரி வருது, இப்ப போ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஸ்டேஷன் வரை சொல்லிவிடுவேன். திரும்பி வரும்போது அந்தப் பக்கத்தை யார் பார்ப்பார்கள் என்று நாங்கள் இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

ஹாரன் அடிக்கிறான்.